44-க்கு 33: மீடியம் ஃபார்மேட் சென்சாரின் கணக்கு (வாசகர் கேள்வி பதில்)

வழக்கமான கேமராவைவிடப் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) கொண்ட மீடியம் ஃபார்மேட் டிஜிட்டல் கேமராக்களைப் பற்றிக் கடந்த சில மாதங்களில் வந்த கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவை "வாங்கலாமா?" என்ற ஒற்றைக் கேள்வியில் வந்து நிற்கின்றன. எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல இயலாது என்பதால், பெரிய சென்சார் எதைத் தரும், எதைத் தராது, பதிலுக்கு எதைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதை விளக்க இடம் தரும் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 35 ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்துகிறேன். 120 ஃபிலிமில் 6-க்கு 6 சென்டிமீட்டர் படம் எடுத்துப் பழகியவன். இன்று மீடியம் ஃபார்மேட் என்ற பெயரில் விற்கும் டிஜிட்டல் கேமராவின் சென்சார் என் நெகட்டிவ் அளவுக்கு இருக்குமா? பழைய லென்ஸ்களைப் பொருத்தினால் பழைய படம் கிடைக்குமா? (ஸ்டூடியோ உரிமையாளர், கோயம்புத்தூர்)

பதில்: இருக்காது. நாம் 6-க்கு 6 என்று சொல்லிவந்த நெகட்டிவ் உண்மையில் 56-க்கு 56 மில்லிமீட்டர். அதன் பரப்பு 3,136 சதுர மி.மீ. ஃபியூஜிஃபில்மின் ஜிஎஃப்எக்ஸ் வரிசையிலும் ஹாசல்பிளாடின் எக்ஸ் வரிசையிலும் உள்ள சென்சார் 43.8-க்கு 32.9 மி.மீ. (சுருக்கமாக 44-க்கு 33); அதன் பரப்பு 1,441 சதுர மி.மீ. உங்கள் நெகட்டிவில் பாதிகூட இல்லை. 36-க்கு 24 என்ற ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் படத்தின்) அளவோடு, அதாவது 864 சதுர மி.மீட்டரோடு ஒப்பிட்டால் 1.67 மடங்கு. ஆக, இந்தச் சென்சார் உங்கள் பழைய கேமராவைவிட ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குத்தான் நெருங்கிய உறவு.

எண்களாகச் சொன்னால் இது மனத்தில் தைப்பதில்லை. ஒரு முறை அட்டையில் 44-க்கு 33 அளவில் சட்டம் வெட்டி, லைட் பாக்ஸில் கிடந்த என் பழைய 6-க்கு 6 ஸ்லைடு ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தேன். மணமேடையில் மணமக்களும் இருபுறமும் பெற்றோரும் நின்ற படம் அது. சட்டத்துக்குள் மணமக்கள் முழங்கால்வரை தங்கினார்கள். பெற்றோரில் ஒரு பக்கத்தவரின் தோள் மட்டும் எட்டிப்பார்த்தது. மேடையின் வாழை மரங்கள் இரண்டும் வெளியே போயின. உங்கள் 80 மி.மீ. லென்ஸை இந்தச் சென்சாருக்கு முன்னால் வைத்தால் நடப்பதும் இதுதான். 6-க்கு 6-இல் இயல்பான பார்வைக்கோணம் தந்த அந்த லென்ஸ், இங்கே ஃபுல் ஃப்ரேமின் 63 மி.மீ. லென்ஸைப் போல நெருக்கிக் காட்டும். பழைய கோணம் வேண்டுமானால் 55 மி.மீட்டருக்கு அருகே தேட வேண்டும். பழைய லென்ஸ் வரிசையில் அகலக் கோணம்தான் எப்போதும் விலை கூடியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய சென்சார் இல்லாமல் இல்லை. ஃபேஸ் ஒன் நிறுவனத்தின் ஐக்யூ4 பின்பெட்டியில் (கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பெட்டி) இருப்பது 53.4-க்கு 40 மி.மீ. அது 6-க்கு 4.5 நெகட்டிவுக்கு (56-க்கு 41.5) ஏறக்குறைய ஈடு, விலையோ ஒரு நல்ல காரின் விலை. 6-க்கு 6 முழு அளவுக்குச் சந்தையில் எவரும் விற்பதில்லை. மீடியம் ஃபார்மேட் என்பது இன்று 36-க்கு 24-ஐவிடப் பெரிய எதற்கும் ஒட்டப்படும் வணிகப் பெயர். 45-க்கு 30 மி.மீ. சென்சார் கொண்ட லைக்கா எஸ் வரிசைக்கும் அதே பெயர்தான் இருந்தது.

உங்களிடம் இருப்பது ஹாசல்பிளாட் 500 வரிசையாக இருந்தால் ஒரு நல்ல செய்தி உண்டு. அந்தக் கேமராவின் ஃபிலிம் மகசினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் சிஎஃப்வி டிஜிட்டல் பின்பெட்டியை அதே நிறுவனம் விற்கிறது. கேமராவைக் கைவிட வேண்டாம்; கோணம் குறுகுவதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சென்சார் பெரியது என்றால் பிக்சலும் பெரியது, அதனால்தான் படம் சுத்தமாக வருகிறது என்று கடைக்காரர் விளக்கினார். சரிதானா? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: ஒரு காலத்தில் சரி. இப்போது இல்லை. 2018-இல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி3 கேமராவின் 26 மெகாபிக்சல் சென்சார், 2019-இல் வந்த சோனி ஏ7ஆர் 4-இன் 61 மெகாபிக்சல் சென்சார், அதே ஆண்டில் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100-இன் 102 மெகாபிக்சல் சென்சார், ஐக்யூ4-இன் 151 மெகாபிக்சல் சென்சார் ஆகிய நான்கிலும் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நீங்களே சரிபார்க்கலாம்: 43.8 மி.மீட்டரை 11,648 பிக்சல்களால் வகுத்துப் பாருங்கள், பிறகு 53.4 மி.மீட்டரை 14,204-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரே தறியில் நெய்த துணியிலிருந்து கைக்குட்டையும் துண்டும் வேட்டியும் கிழித்ததுபோல, பிக்சல் ஒன்றே, எண்ணிக்கைதான் வேறு.

அப்படியானால் லாபம் எங்கிருந்து வருகிறது? ஒரே அளவில் அச்சிடும்போது, பெரிய சென்சாரின் படத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அதிகப் பிக்சல்கள் பங்களிப்பதால் இரைச்சல் (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் சிதறல்) அமுங்குகிறது. அந்த லாபம் பரப்பின் விகிதத்தைத் தாண்டாது. 44-க்கு 33 சென்சாருக்கு ஃபுல் ஃப்ரேமைவிட 1.67 மடங்கு ஒளி என்றால் அது முக்கால் ஸ்டாப் (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்), 53.4-க்கு 40 சென்சாருக்கு ஏறத்தாழ 1.3 ஸ்டாப். ஒரே தலைமுறைச் சென்சார்களை ஒப்பிடும்போது இதற்குமேல் எவராவது சொன்னால், அவர் விற்பனைப் பிரிவில் இருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: கைபேசி முதல் கார் வரை எல்லாவற்றிலும் சென்சார் மலிந்துவிட்டது. சற்றே பெரிய சில்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை? (பொறியியல் மாணவர், திருச்சிராப்பள்ளி)

பதில்: சில்லுகள் 300 மி.மீ. விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் தகட்டில் தயாராகின்றன. அத்தகட்டின் பரப்பு ஏறத்தாழ 70,700 சதுர மி.மீ. வெறும் வகுத்தல் கணக்கில் ஃபுல் ஃப்ரேம் சில்லுகள் 81 கிடைக்கும். 44-க்கு 33 அளவில் 49. 53.4-க்கு 40 அளவில் 33 மட்டுமே. வட்ட அப்பளத்தைச் செவ்வகத் துண்டுகளாக உடைக்க முயன்றால் ஓரமெல்லாம் வீணாவதைப் போல இங்கும் ஓரம் வீணாகும். துண்டு பெரிதாகப் பெரிதாக வீணும் பெரிதாகும்.

அதைவிடக் கொடுமையானது பழுதின் கணக்கு. பேச்சுக்கு, தகட்டில் 20 இடங்களில் பழுது விழுந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு சில்லில் அமைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 81-இல் 61 தேறும். 33-இல் 13 மட்டுமே தேறும். ஒற்றைப் பிக்சல் செத்துப்போனால் பக்கத்துப் பிக்சலைக் கொண்டு மறைத்துவிடலாம். ஒரு முழு வரிசையின் கம்பி அறுந்தால் அச்சில்லைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. சில்லின் வடிவத்தை ஒளியால் பதிக்கும் கருவி ஒரு முறையில் பதிக்கக்கூடிய பரப்பு வழக்கமாக 26-க்கு 33 மி.மீ. மட்டுமே. அதற்குமேல் போனால் பல பதிவுகளை அருகருகே வைத்து, தையல் தெரியாமல் ஒட்டவேண்டும். ஃபுல் ஃப்ரேமுக்கும் இத்தொல்லை இருக்கிறது என்றாலும், அளவு கூடும்போது தையலும் கூடுகிறது.

ஆனாலும் விலை இறங்கித்தான் வந்திருக்கிறது. 2019-இல் ஜிஎஃப்எக்ஸ் 100 வெளியானபோது 10,000 டாலர். 2021-இல் அதே சென்சாரோடு வந்த 100எஸ் 6,000 டாலர். 2024-இல் வந்த 100எஸ் 2 ஏறத்தாழ 5,000 டாலர். நம் ஊருக்கு வரும்போது வரி சேரும் என்பது தனிச் சோகம்.

கேள்வி: 16 பிட் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தருவதால் 14 பிட் கேமராவைவிட நான்கு மடங்கு நிற நுணுக்கம் கிடைக்கும் என்று படித்தேன். உண்மையா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: எண்கள் நான்கு மடங்கு கிடைக்கும், நுணுக்கம் கிடைக்காது. 14 பிட் என்றால் 16,384 படிகள். 16 பிட் என்றால் 65,536 படிகள். இத்தலைமுறைப் பிக்சல் ஒன்று நிரம்பி வழிவதற்குமுன் சுமார் 50,000 எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். 50,000 எலக்ட்ரான்களை 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு ஓர் எலக்ட்ரான்கூட வராது. அரை எலக்ட்ரான் என்று ஒன்று இல்லை. அதற்குமேல், அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) அளவில் பிக்சலைப் படிக்கும் மின்சுற்றே 3 எலக்ட்ரான் அளவுக்கு முன்னும் பின்னும் தடுமாறும். 50,000-ஐ 3-ஆல் வகுத்தால் சுமார் 16,700. அதாவது 14 பிட்டுக்குச் சற்றே மேல். கூடுதலாகக் கொடுத்த இரண்டு பிட்டுகளில் நிரம்புவது பெரும்பாலும் இரைச்சல்தான். மூன்று நெல்மணி கூடக் குறையக் காட்டும் தராசில், அரை நெல்மணிவரை காட்டும் முள்ளைப் பொருத்திவிட்டு எடை துல்லியமாகிவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

செலவோ நிஜமானது. சுருக்காத 16 பிட் கோப்பு, ஒரு படத்துக்கு 204 மெகாபைட். படிக்கும் நேரமும் கூடுகிறது. அந்த நேரம் என்ன செய்யும் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி: திருமண ஒளிப்படக்காரன் நான். நண்பரிடம் மீடியம் ஃபார்மேட் கேமரா ஒன்றை இரவல் வாங்கி ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் பயன்படுத்தினேன். சத்தம் வரக் கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்த படங்கள் அனைத்திலும் குறுக்கே வரிவரியாகக் கறுப்புப் பட்டைகள். கேமரா பழுதா? (வாசகர், சேலம்)

பதில்: பழுதில்லை, அதன் இயல்பு. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதில்லை. 102 மெகாபிக்சல் சென்சாரில் மேலிருந்து கீழாக 8,736 வரிசைகள் இருக்கின்றன. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று, வாத்தியார் வருகைப் பதிவேடு வாசிப்பதைப் போல அவை படிக்கப்படுகின்றன. முதல் ஹாசல்பிளாட் எக்ஸ்1டி-யில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் ஏறத்தாழ 0.3 நொடி ஓடிவிடும். நீங்கள் ஷட்டர் வேகத்தை 1/1000 என்று வைத்தாலும் இந்த இடைவெளி குறையாது. ஒவ்வொரு வரிசையும் 1/1000 நொடிதான் ஒளியைப் பார்க்கும், ஆனால் வெவ்வேறு கணத்தில் பார்க்கும்.

இப்போது உங்கள் மண்டபத்துக்கு வருவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரம் குறைந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 0.3 நொடியில் 30 முறை. உங்கள் படத்தில் பட்டைகளை எண்ணிப் பாருங்கள். கேமரா எவ்வளவு நேரத்தில் படிக்கிறது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும். 30 பட்டைகள் இருந்தால் 0.3 நொடி, 16 இருந்தால் 0.16 நொடி. கடை விளம்பரத்தில் அச்சிடாத இந்த எண்ணை ஓர் எல்இடி குழல் விளக்கை வைத்து எவரும் கண்டுபிடித்துவிடலாம்.

நானும் இதில் அடிபட்டவன்தான். கோயில் திருவிழா ஒன்றில் தவில் வாசித்தவரைப் பக்கவாட்டில் இருந்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து திரையில் திறந்தபோது, கையில் இருந்த கழி அரிவாளைப் போல வளைந்திருந்தது. தவிலும் முகமும் தோளில் வழிந்த வியர்வையும் இம்மி பிசகாமல் பதிந்திருக்க, அசைந்த ஒரே பொருள் மட்டும் வேறோர் உலகத்தில் இருந்து வந்ததைப் போல நின்றது. அவர் படத்தைக் கேட்டபோது வேறொன்றைத்தான் அனுப்பினேன்.

தீர்வு எளிது: அசையும் எதற்கும், செயற்கை விளக்கின் கீழ் எப்போதும், மெக்கானிக்கல் ஷட்டர். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஷட்டரின் திரை 24 மி.மீட்டருக்குப் பதில் 33 மி.மீ. ஓடவேண்டியிருப்பதால், ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் ஃபிளாஷ் ஒத்திசைவு 1/125 நொடியோடு நின்றுவிடுகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் நீங்கள் 1/200, 1/250 என்று பழகியிருப்பீர்கள். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக இருப்பதால் 1/2000 வரை ஃபிளாஷ் ஒத்துழைக்கும். வெயிலில் ஃபிளாஷ் போட்டு எடுப்பவருக்கு அது பெரிய வரம்; ஆனால் ஒவ்வொரு லென்ஸோடும் ஒரு ஷட்டரையும் சேர்த்து விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

திருமணத்துக்கு என்று மட்டும் கேட்டால், வேண்டாம் என்பேன். 2021-இல் வந்த நிக்கான் இசட்9 கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. சென்சாரை அவ்வளவு விரைவாகப் படிக்க முடிவதால் அதை எடுத்தே விட்டார்கள். தாலி கட்டும் கணத்துக்கு வேண்டியது அந்த வேகம். மணமக்களைத் தனியே நிறுத்தி எடுக்கும் படங்களுக்கு மட்டும் பெரிய கேமராவை வாடகைக்கு எடுங்கள்.

கேள்வி: பட்டுப்புடவை விளம்பரப் படங்களில் துணியின்மேல் வானவில்போல நிற அலைகள் வருகின்றன. 24 மெகாபிக்சலில் வந்தது. 100 மெகாபிக்சலுக்கு மாறினால் போய்விடும் என்றார்கள். மாறினேன், போகவில்லை. (விளம்பர ஒளிப்படக்காரர், காஞ்சிபுரம்)

பதில்: அது மொய்ரே. துணியின் இழைகள் ஓர் ஒழுங்கான கட்டம். சென்சாரின் பிக்சல்களும் ஓர் ஒழுங்கான கட்டம். இரண்டும் அளவில் நெருங்கிவந்தால் இல்லாத மூன்றாவது வடிவம் ஒன்று தோன்றும். கொசுவலையை இரண்டாக மடித்துப் பார்த்தால் தெரியும் அலைகள் இவைதான். மற்ற கேமராக்கள் சிலவற்றில் இதைத் தவிர்ப்பதற்காகவே சென்சாருக்கு முன்னால் படத்தை இம்மி அளவு மங்கவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். மீடியம் ஃபார்மேட் கேமராக்களில் கூர்மைக்காக அதை வைப்பதில்லை.

உங்கள் புடவையில் இழைக்கு இழை கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாடலை முழு உயரத்தில், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, 2.2 மீட்டர் உயரத்தை 11,648 பிக்சல்களில் அடக்குகிறீர்கள். அப்போது ஒரு பிக்சலுக்கு 0.19 மி.மீ. இழைக்கு ஒன்றேகால் பிக்சல்தான் கிடைக்கிறது. ஓர் இழையை இழையாகவே பதிவு செய்யக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். சிவப்பும் நீலமும் ஒன்றுவிட்டு ஒரு பிக்சலில்தான் பதிகின்றன என்பதால் நிறத்துக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். 24 மெகாபிக்சலில் இச்சிக்கல் ஜரிகைக் கரையின் பெரிய கோலங்களில் வந்திருக்கும். 102-இல் அது உடலின் நெய்வுக்கு இடம் மாறியிருக்கிறது. போகவில்லை, குடிபெயர்ந்தது.

செய்யக்கூடியவை சில. சட்டத்தின் உயரம் 1.4 மீட்டருக்குள் வரும்வரை நெருங்கி, இரண்டு படங்களாக எடுத்து இணைக்கலாம். அல்லது அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்/16-க்கு மூடலாம் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). அங்கே ஒளியின் விளிம்பு விலகலால் ஒரு புள்ளியே 21 மைக்ரான் வட்டமாக, அதாவது ஐந்து பிக்சலுக்கு மேல் பரவிவிடும் என்பதால், வடிகட்டி செய்ய வேண்டிய வேலையை லென்ஸே செய்துவிடும். நூறு மெகாபிக்சல் வாங்கிவிட்டு எஃப்/16-இல் எடுப்பதா என்று நெஞ்சு பதறும். புடவை திரும்பி வருவதைவிட அது மேல். பலகையில் விரித்த புடவை என்றால் ஜிஎஃப்எக்ஸ் 100 வரிசையின் பிக்சல் ஷிஃப்ட் முறை அருமையானது: சென்சாரை நுணுக்கமாக நகர்த்தி 16 படங்களை எடுத்து 400 மெகாபிக்சலாக இணைக்கிறது. மாடல் மூச்சு விட்டால்கூட அது பலிக்காது. எதைச் செய்தாலும் கணினியில் 100 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தபின் முடிவெடுங்கள். சிறிதாக்கிக் காட்டும்போது திரையும் தன் பங்குக்குப் பொய் மொய்ரேயைக் காட்டும்.

கேள்வி: 20-க்கு 30 அங்குல நாள்காட்டி அச்சிட 100 மெகாபிக்சல் கட்டாயமா? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: இல்லை. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 9,000-க்கு 6,000 பிக்சல் போதும். 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா 9,504-க்கு 6,336 தருகிறது. 102 மெகாபிக்சல் படம் அதே கணக்கில் 38-க்கு 29 அங்குலம்வரை போகும். ஓரத்தை வெட்டும் பழக்கம் இருந்தால் அது உதவும்.

கேள்வி: மீடியம் ஃபார்மேட்டில் பின்னணி கரைந்துபோகும் அழகே தனி என்கிறார்கள். உருவப்படங்களுக்காக வாங்க நினைக்கிறேன். (வாசகி, சென்னை)

பதில்: ஒரு நிமிடம் பொறுங்கள். ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட 44-க்கு 33 சென்சாரின் லென்ஸ் எண்கள் இரண்டையும் 0.79-ஆல் பெருக்குங்கள். ஜிஎஃப்எக்ஸின் புகழ்பெற்ற 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. எஃப்/1.6 லென்ஸ் தரும் படத்தைத் தரும். 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸைப் பல நிறுவனங்கள் விற்கின்றன; அதில் பின்னணி இன்னும் கரையும். ஃபேஸ் ஒன் கேமராவில் (அங்கே பெருக்க வேண்டிய எண் 0.65) 80 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் என்பது 52 மி.மீ. எஃப்/1.8-க்குச் சமம், 50 மி.மீ. எஃப்/1.8 என்பது பல நிறுவனங்கள் மலிவாக விற்கும் லென்ஸ். பெரிய சென்சாரை மூடும் அளவுக்குப் பெரிய அபெர்ச்சர் லென்ஸ் செய்தால் கண்ணாடியின் எடையைத் தூக்க ஆள் வேண்டும், அதனால் செய்வதில்லை.

இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. நகையோ குழுப்படமோ எடுக்கும்போது முன்னும் பின்னும் கூர்மையாக வேண்டும் என்றால், ஃபுல் ஃப்ரேமில் எஃப்/11 வைத்த இடத்தில் இங்கே எஃப்/14 வைக்க வேண்டும். ஷட்டர் வேகத்தையும் மாற்ற இயலாதென்றால் ஐஎஸ்ஓவை உயர்த்த வேண்டும். உயர்த்திய கணமே, முன்பு சொன்ன அந்த முக்கால் ஸ்டாப் ஆதாயம் கரைந்துபோகிறது. ஆதாயம் நிற்க வேண்டுமானால் கூடுதல் ஒளியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்: முக்காலி, ஸ்டூடியோ ஃபிளாஷ், அசையாத பொருள். இம்மூன்றில் ஒன்றாவது உங்கள் வேலையில் அன்றாடம் இல்லையென்றால் பணத்தை நல்ல 85 மி.மீ. லென்ஸில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஓலைச்சுவடிகள் சில கட்டுகள் உள்ளன. படமெடுத்துக் காக்க விரும்புகிறோம். மீடியம் ஃபார்மேட் தேவையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கேட்டதற்கு மகிழ்ச்சி. பெரும் பொருட்காட்சியகங்கள் இத்தகைய கேமராக்களையே நாடுகின்றன என்பது உண்மை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம், ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை 100 மெகாபிக்சல் ஹாசல்பிளாட் எச்6டி 400 எம்எஸ் கேமராவால் 8,439 துண்டுகளாக எடுத்து, 717 கிகாபிக்சல் படமாக இணைத்து 2022 ஜனவரியில் வெளியிட்டது. ஒவ்வொரு துண்டும் ஓவியத்தில் 5.5-க்கு 4.1 சென்டிமீட்டர்; ஒரு பிக்சலுக்கு 5 மைக்ரான். உலகின் சிறந்த சென்சாரை வைத்துக்கொண்டும் அவர்கள் ஒரே கிளிக்கில் எடுக்க முயலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஓலை 40 சென்டிமீட்டர் நீளம், மூன்றரை சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். அதை 102 மெகாபிக்சல் சட்டத்தின் அகலம் முழுக்க நிரப்பினால் அங்குலத்துக்கு 740 பிக்சல் கிடைக்கும். எழுத்தின் கீறலைப் படிக்கத் தாராளம். ஆனால் சென்சார் 4-க்கு 3 வடிவம். 40 செ.மீ. அகலச் சட்டத்தின் உயரம் 30 செ.மீ.; அதில் உங்கள் ஓலை எட்டில் ஒரு பங்கைக்கூட நிரப்பவில்லை. மீதி எல்லாம் மேசைத் துணியின் படம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஓர் ஓலையைச் சற்றே மேற்பொருந்தும் இரண்டு படங்களாக, படத்துக்கு 22 செ.மீ. வீதம் எடுத்தால் அங்குலத்துக்கு 690 பிக்சலுக்கு மேல் வந்துவிடும். ஏறத்தாழ அதே தெளிவு, நேரம்தான் இரட்டிப்பு. ஆயிரக்கணக்கான ஓலைகள் என்றால் நேரமே பணம், பெரிய சென்சாரில் ஆறேழு ஓலைகளை அடுக்கி ஒரே படமாக எடுப்பது நியாயம். சில கட்டுகளுக்கு வேண்டாம்.

மிஞ்சும் பணத்தில் இரண்டு நல்ல விளக்குகள் வாங்குங்கள். மை மங்கிய ஓலையில் எழுத்து என்பது எழுத்தாணி கீறிய பள்ளம். மேலிருந்து விழும் ஒளியில் அது தெரியாது. மேசைக்குச் சில விரற்கடை உயரத்தில், பக்கவாட்டில் இருந்து ஒளியை விட்டால் பள்ளத்தின் ஒரு கரை நிழலாகவும் மறு கரை வெளிச்சமாகவும் எழுந்து வரும். ஓலை சுருண்டிருந்தால் வலுக்கட்டாயமாக அழுத்தித் தட்டையாக்காதீர்கள். அபெர்ச்சரை எஃப்/11-க்கு மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய சிசிடி சென்சார் கொண்ட பின்பெட்டி ஒன்று மலிவாக வருகிறது. சிசிடி நிறமே தனி என்கிறார்கள். (வாசகர், புதுச்சேரி)

பதில்: 2014-இல் ஃபேஸ் ஒன் ஐக்யூ250, ஹாசல்பிளாட் எச்5டி-50சி, பென்டாக்ஸ் 645இசட் மூன்றும் சோனியின் 50 மெகாபிக்சல் சிமாஸ் (இன்று பரவலாக உள்ள வகை) சென்சாருக்கு மாறியதோடு, பழைய வகையான சிசிடியின் காலம் முடியத் தொடங்கியது. நிறம் பெரிதும் பிக்சல்மேல் பூசிய நிற வடிகட்டியையும் கோப்பைத் திறக்கும் மென்பொருளையும் சார்ந்தது என்பதே என் கருத்து. ஒளியை எண்ணும் முறைக்கு நிறம் தெரியாது. ஆனால் ஐஎஸ்ஓ 50, 100 என்ற அளவில், நல்ல ஒளியில் அவை இன்றும் அழகான படம் தரும். 400-க்கு மேல் போகாதீர்கள். நீண்ட ஒளிபதிவில் பெரும்பாலானவை ஒரு நிமிடத்தைத் தாண்டாது. ஃபேஸ் ஒன் பி45 பிளஸ் ஒரு மணி நேரம்வரை தாங்கிய விதிவிலக்கு, அதுவும் இரைச்சலைக் கழிக்க மூடிய நிலையில் இன்னொரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

பணம் கொடுக்குமுன் பின்பெட்டியை அரை மணி நேரம் இயங்கவிட்டுச் சூடாக்குங்கள். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, அது அனுமதிக்கும் மிக நீண்ட நேரத்துக்கு ஒரு படம் எடுத்து, கணினியில் ஐந்து ஸ்டாப் வெளிச்சமாக்கிப் பாருங்கள். சிதறிய புள்ளிகள் பரவாயில்லை. மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஓடினாலோ, நடுவில் ஒரு பாதி மறுபாதியைவிட வெளுத்திருந்தாலோ, விற்பவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.